பொழுது சாய்ந்தும் மூடாத டெய்சி

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அது அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி அந்தப் பூப்பண்ணையில் முதலாளி முதல் குழாய் பழுது பார்க்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் பிரஷ்தான். வயதில் சிறியவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து பிரஷ் அண்ணே என்பார்கள். மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப்பையில் அவருக்கு ஒரு மெல்லிய பிரஷ் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அது அவர் மனைவியுடையது. கல்யாணமான புதிதில் கன்னத்துக்கு ரோஸ் பவுடர் பூசிக்கொள்ள ஆசைப்பட்டு வாங்கியது. "பண்ணையில குடுத்தது முரடா இருக்கு, ஒரே ஒரு நாளைக்குக் குடேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்தான். அதன் பிறகு அந்தப் பிரஷ் டெய்சிப் பூவைத் தவிர வேறு கன்னத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடி இரண்டு முறை உடைந்து, தையல் நூல் சுற்றி ஒட்டியாயிற்று. அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பவுடர் பூசுவதையே விட்டுவிட்டாள்.

அவருடைய வேலை, புது ரக டெய்சி உண்டாக்குவது. கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். "அப்போ நீங்க பூவுக்குக் கல்யாணத் தரகரா?" என்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். உள்ளுக்குள் எரிச்சல்தான். தரகர் ஒரு தரம் பேசி முடித்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். டெய்சியிடம் அந்தக் கதை நடக்காது. நாம் ஒரு பூ என்று நினைத்துப் பறிக்கிறோமே, அது ஒரு பூவே இல்லை. சுற்றிலும் இதழ் மாதிரி நிற்கிற ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவில் பொட்டு மாதிரி இருப்பது பொடிப் பூக்களின் கூட்டம். ஒரே காம்பில் ஒரு தெருவே குடியிருக்கிறது. அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே நாளில் கதவு திறப்பதில்லை. ஓரத்தில் இருப்பவை இன்று, அடுத்த வளையம் நாளை, அதற்கும் உள்ளே இருப்பவை நாளை மறுநாள் என்று ஆற அமர, வெளியிலிருந்து உள்ளே திறந்துகொண்டு போகும். நடு வட்டத்தில் அன்றன்றைக்கு வெடிக்கிற மகரந்தத்தைப் பிரஷ்ஷால் தொட்டெடுத்து, வேறொரு செடியின் ஓரப் பூக்களில் தடவி, பூச்சி நுழையாமல் வலைப்பை கட்ட வேண்டும். அதைக் காலையிலேயே செய்ய வேண்டும். பூக்கிற பருவம் முழுவதும் ஒரு காலை தவறாமல் செய்ய வேண்டும். காய்ச்சல் வந்தாலும் சரி, மைத்துனன் கல்யாணம் வந்தாலும் சரி, ஒரு நாள் போகாவிட்டால் ஒரு வளையம் போச்சு.

அது போதாது என்று கண்ணாடிக் கூடத்துக்கு ஒரு சட்டம் வேறு இருந்தது. கூடத்துக்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கலாம். இடையில் நின்று மேலங்கியும் செருப்பும் மாற்றிக்கொள்ள வேண்டும். வெளியே போனவர் அன்றைக்கு மறுபடி உள்ளே வரக் கூடாது. சட்டையில் வெள்ளை ஈ தொற்றிக்கொண்டு வந்துவிடுமாம். அதே காரணத்துக்காக, உள்ளே வளர்ந்த செடி ஒன்றும் வெளியே போய்விட்டுத் திரும்பி வரக் கூடாது. ஆக, காலையில் உள்ளே போன பிரஷ், சோற்றுப் பாத்திரத்தோடும் தண்ணீர் பாட்டிலோடும் அங்கேயே கிடந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வருவார். உள்ளே எப்போதும் ஒரே புழுக்கம். கண்ணாடிக் கூரையிலிருந்து துளித்துளியாகச் சொட்டி முதுகு நனையும். வெளியே மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்பது தெரியும், ஆனால் ஒன்றும் மேலே படாது.

சரி, வெளியே வந்தால்தான் என்ன? வீடும் பண்ணை வேலிக்குள்ளேயேதான். பேக்கிங் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய குடியிருப்பில் கடைசி வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேலியும் கொட்டகையின் முதுகும்தான் தெரியும். பண்ணையின் செடி எதுவும் களவு போய்விடக் கூடாது என்பதால் கேட்டில் ஒரு காவலாளி. போகிற பை, வருகிற பை எல்லாவற்றையும் துழாவுவார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கை பட்டு நசுங்காத தக்காளியை அந்தக் குடியிருப்பில் யாரும் சமைத்ததில்லை.

பிரஷ்ஷின் மனைவி நன்றாகத் தைப்பாள். ஒரு காலத்தில் அவளைத் தேடி வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு கால்சட்டையை அரை அங்குலம் குறைக்கக் கேட்டில் அட்டையைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, பையைத் திறந்து காட்டி, காவலாளியின் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி எத்தனை பேர்தான் வருவார்கள்? ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரே மகனும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். தையல் மெஷின் பெரும்பாலும் உறை போட்டுத் தூங்கியது. வாசல் தெருவைப் பார்த்திருக்கிற ஒரு வீடு வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. கதவைத் திறந்தால் முன்பின் தெரியாத யாராவது நடந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஆசைக்கு ஒரு முடிச்சு விழுந்தது முதலாளியின் வாயிலிருந்து. டெய்சிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தால் குடையை மடக்குவது போல இதழ்களை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும். வாங்குகிறவர்களோ காலையில் வேலைக்கு ஓடி, இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்புகிறவர்கள். வாரம் முழுவதும் அவர்கள் பார்ப்பது மடக்கிய குடையைத்தான். "காசைக் குடுத்துக் குச்சியையா வாங்கினோம்?" என்று கடைக்காரர்களிடம் சண்டை போட்டார்கள். முதலாளி கண்ணாடிக் கூடத்துக்கே வந்து, மேலங்கி மாட்டிக்கொண்டு, பிரஷ்ஷின் தோளில் கை போட்டார்.

"சாயங்காலமும் மூடாம இருக்கிற டெய்சி ஒண்ணு பண்ணிக் குடுங்க பிரஷ். அது வந்துடுச்சுன்னா உங்களை நான் பிடிச்சு வெச்சுக்க மாட்டேன். எங்க வேணும்னாலும் போங்க. நானே வண்டி அனுப்புறேன்."

பிரஷ் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன அன்றே அவர் மனைவி அதை எழுதாத பத்திரமாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக் காலண்டரில் பூ வந்ததும் என்று ஒரே ஒரு தேதிதான். மெத்தை மாற்றுவது பூ வந்ததும். ஆடுகிற பல்லை மருத்துவரிடம் காட்டுவது பூ வந்ததும். அவளுடைய தங்கை கடைத்தெருவில் வீடு வைத்திருந்தாள். தெருவைப் பார்த்த முன்னறையை யாருக்கும் வாடகைக்கு விடாமல், அக்கா வந்து தையல் கடை போடுவாள் என்று காலியாக வைத்திருந்தாள். போன் செய்யும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கேள்வி.

"அக்கா, பூ வந்துச்சா?"

"அட போடி, இன்னும் மொட்டே வரலை."

சொல்லிவிட்டு இருவரும் சிரிப்பார்கள். வருஷங்கள் போகப் போக அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு தங்கை கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமல் இருந்தது இவளுக்குக் கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிரஷ் சும்மா இருக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். விதை எடுத்து, நாற்று விட்டு, பூக்க வைத்து, சாயங்காலம் எது கடைசியாக மூடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நூற்றில் தொண்ணூற்றொன்பது குப்பைக்குப் போகும். மற்றவற்றைவிடச் சற்றுத் தாமதமாக மூடுகிற ஒன்றிரண்டை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சுவர் ஓரத்தில் இருக்கிற தேர்வு மேசையில் வைப்பார். அந்த மேசைக்குப் போவதென்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. தகுதி உள்ளவற்றுக்கு மட்டும்தான் அங்கே இடம்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது ரகத்தைச் சோதிக்கும்போது பக்கத்திலேயே பழைய ரகத்தில் ஒரு தொட்டி வைக்க வேண்டும். அதைச் சாட்சிச் செடி என்பார்கள். புதியது எவ்வளவு வித்தியாசமாக நடந்துகொள்கிறது என்று அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். பிரஷ்ஷும் ஆரம்பத்தில் அப்படித்தான் வைத்திருந்தார். மேசையில் இடம் நெருக்கடியானபோது ஒரு நாள் அதைத் தூக்கி முன்வரிசைக்கு அனுப்பிவிட்டார். பழைய ரகம் மூடும் என்பது ஊரறிந்த சங்கதி. அதை உட்காரவைத்து அழகு பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். இத்தனை வருஷ அனுபவம் கொடுத்த தைரியம் அது.

அதன் பிறகு அவருக்கு அடித்தது பாருங்கள் யோகம். முன்வரிசையில் சுமாராகத் தெரிந்த செடிகூட, தேர்வு மேசைக்குப் போனதும் பொழுது சாய்ந்த பிறகும் விரிந்தே நின்றது. முன்வரிசையில் எல்லாம் மூடிக்கிடக்க, இந்த மேசையில் மட்டும் பூக்கள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குள்ளேயே இணைத்து, அதன் பிள்ளைகளையும் இணைத்து, கடைசியில் ஒரு செடியைப் பிடித்தார். இளம் ஆரஞ்சு நிறம், நடுவில் கருநீலப் பொட்டு. மேசையில் வைத்த நாள் முதல் ஒரு சாயங்காலம்கூட அது மூடவில்லை. அதன் தண்டிலிருந்து அங்கேயே வளர்த்த இரண்டு மூன்று தொட்டிகளும் மூடவில்லை. பின்சுவருக்கு அப்பால் லாரிகள் சரக்கேற்றுகிற முற்றம் இருந்தது. சாட்சிச் செடி மேசையைவிட்டுப் போன சமயத்தில் அங்கே புதிதாக நட்ட உயரமான விளக்கு இருட்டத் தொடங்கியதும் தானாக எரியும். டார்ச் இல்லாமலே பூவைப் பார்க்க முடிகிறதே என்று பிரஷ் அதற்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டார். மனுஷர் தலைக்கு மேலே எரிந்ததைப் பற்றி யோசிக்காமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி ஒரு சாயங்காலம் வந்து பார்த்தார். பிரஷ்ஷின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூவுக்குத் தம் மாமியாரின் பெயரை வைத்தார். மூடாத பூவுக்குப் பொருத்தமான பெயர்தான் என்று பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செடியிலிருந்து தண்டுத் துண்டுகள் வெட்டி வேறிடத்தில் ஆயிரக்கணக்கில் வேர்விட வைத்தார்கள். அவை பூக்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. 'பொழுது சாய்ந்தும் மூடாத டெய்சி' என்று கொட்டை எழுத்தில் அட்டைகள் அச்சாகி வந்தன. திங்கட்கிழமை ஒரு சின்னக் கூட்டம் போட்டு, எல்லோரும் கைதட்ட, முதலாளி பூத்த தொட்டி ஒன்றைப் பிரஷ்ஷின் கையில் கொடுத்தார்.

"சொன்ன மாதிரி சனிக்கிழமை வண்டி வரும். கூட வேலை பாக்குறவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு நிம்மதியாப் போங்க."

கண்ணாடிக் கூடத்தில் பிறந்த செடி ஒன்று அந்த வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் மனைவி அதைச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். தங்கைக்குப் போன் போட்டாள். "வந்துடுச்சுடி" என்றாள். அந்தப் பக்கம் தங்கை விசும்புவது கேட்டது. இவளும் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை பிரஷ் வேலை முடித்து வந்தபோது பூத்தொட்டி தையல் மெஷின்மேல் இருந்தது. மெஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பூக்கள் ஜம்மென்று விரிந்திருந்தன.

"ஜன்னல்ல இருந்துச்சே?"

"கூடவே இருக்கட்டுமேன்னு இங்க வெச்சேன். தைக்கத் தைக்கப் பாத்துக்கிட்டிருக்கேன்."

தைப்பதற்கு என்ன துணி இருந்தது என்று அவர் கேட்டிருக்கலாம். மெஷினில் நூல்கூடக் கோத்திருக்கவில்லை. பண்ணையைவிட்டுப் போகிற சந்தோஷத்தில் இருந்தவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. உட்கார்ந்து பூவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

புதன்கிழமை வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மனைவி பின்னால் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் மேடையில் தொட்டி இருந்தது. தொட்டியில் குச்சி குச்சியாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். பூக்கள் எல்லாம், ஒன்று பாக்கியில்லாமல், மடக்கிய குடையாக நின்றன.

வாடிவிட்டதோ என்று மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அப்போது துணி மூட்டையோடு அவள் அவசரமாக உள்ளே வந்தாள். இருட்டில் அவரைக் கவனிக்கவில்லை. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நேராக மெஷின் விளக்கைப் போட்டாள். திரும்பித் தொட்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

"இன்னைக்குப் பாத்து மறந்துட்டேனே. சீக்கிரம் திற, வந்துடுவாரு" என்று பூவிடம் சொன்னவள், தொட்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்துக் கல்லாகிப் போனாள்.

"எப்பலேர்ந்து?" என்றார் பிரஷ்.

"முதல் நாளே."

"திங்கக்கிழமையேவா?"

"ம். நீங்க வாசல்ல யார்கூடயோ பேசிக்கிட்டிருந்தீங்க. லைட்டுக்குக் கீழ வெச்சா கொஞ்ச நேரத்துல திறந்துக்கிச்சு. இருட்டறதுக்கு முன்னாடியே வெச்சுட்டா மூடுறதே இல்லை."

அவள் சொல்லச் சொல்ல பிரஷ்ஷின் பார்வை தொட்டியைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே போனது. கொட்டகைக் கூரைக்கு மேலே, சரக்கு முற்றத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் அந்தப் பக்கம் எங்கே விழும் என்று அவர் மனம் தானாகக் கணக்குப் போட்டது. கண்ணாடிக் கூடத்தின் பின்சுவரில், சரியாகத் தேர்வு மேசை இருக்கிற இடத்தில் விழும். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உடனே ஓடிப்போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தது. போக முடியாது. அன்றைக்கு வெளியே வந்தாயிற்று. அந்தச் சட்டத்தை எத்தனையோ பேருக்கு உரத்த குரலில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

வியாழக்கிழமை முன்வரிசையிலிருந்து பழைய ரகத்தில் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தேர்வு மேசையில் வைத்தார். புது ரகத்தில் ஒன்றை அட்டைப்பெட்டி போட்டு மூடினார். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. பின்சுவர் விளக்கு எரிந்தது. முன்வரிசை முழுவதும் மடங்கியது. ஊரறிய மூடுகிற அந்தப் பழைய ரகம் மட்டும் அவர் முகத்துக்கு நேரே இதழை விரித்துக்கொண்டு நின்றது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த புது ரகம் நன்றாக மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. எந்தச் செடியைக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்திருந்தாலும் விழித்துத்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷமாக அவர் தேர்ந்தெடுத்தது பூவை அல்ல, விளக்கடி இடத்தை. அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியிடம் போனார். இவருடைய நேர்மையைப் பாராட்ட யாரும் அவசரப்பட வேண்டாம். நேர்மை இல்லை அது. அல்லது நேர்மை மட்டும் இல்லை. முதலாளி முழுவதையும் கேட்டார். கத்துவார் என்று பிரஷ் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, தம் நாற்காலியில் உட்காராமல் பிரஷ்ஷுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் வீட்டுலயும்தான்."

"அப்போ விடுங்க. கலர் நல்லா இருக்கு, பூ நெறைய வெக்குது. அட்டையில 'பொழுது சாய்ந்தும் மூடாத'ங்கிறதை எடுத்துட்டு 'மனதை மயக்கும்'னு போட்டுடலாம். மாமியார் பேரு இருக்கட்டும். இப்பப் போய் மாத்தினா எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது." சிரித்தார். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. சொன்ன சொல் சொன்னதுதான். நாளைக்கு வண்டி வரும், ஏறிப் போயிட்டே இருங்க."

கதவு திறந்துவிட்டது. வேலி, கேட், கொடுத்த வாக்கு எல்லாம் விலகி வழிவிட்டது. நன்றிங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருந்தால் போதும். பிரஷ் எழுந்திருக்கவில்லை.

"மேசையை நடுவுக்கு மாத்தணும்" என்றார். "பின்சுவருக்குக் கறுப்புத் துணி கட்டணும். போன வருஷம் தூக்கிப் போட்ட வெள்ளையில ஒண்ணு நெஜமாவே லேட்டா மூடுச்சு. முன்வரிசையில, விளக்கே இல்லாத இடத்துல. மேசையில மூடாததே இருக்கேன்னு அதை விட்டுட்டேன். அதோட விதை கொஞ்சம் இருக்கு. எனக்கு இன்னும் மூணு பருவம் வேணும்."

முதலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் கேக்கலையே பிரஷ்?"

"இல்லைங்க. நான்தான் கேக்குறேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. அறையைவிட்டு வெளியே வந்தார். திரும்பிப் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என நினைத்தார். கால் கண்ணாடிக் கூடத்துக்குத்தான் போனது. அன்று முழுக்க அந்த வெள்ளை டெய்சியின் விதை உறையைத் தேடினார், கிடைத்தது. கிடைத்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தை நினைத்து அவருக்கே தம்மேல் வெறுப்பாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அவள் தையல் மெஷினைப் போர்வையால் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிகள் வரிசையாக நின்றன. அவர் முகத்தைப் பார்த்ததும் முடிச்சுப் போட்ட கை நின்றது.

"விடலையா அவங்க?"

ஆமாம், விடவில்லை என்று சொல்லிவிடலாம். சுலபமான பொய். அவள் முதலாளியைத் திட்டுவாள், இருவரும் சேர்ந்து அழலாம், அத்தோடு முடிந்தது. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"விட்டாங்க" என்றார்.

"அப்புறம்?"

"நான்தான் இன்னும் மூணு பருவம் கேட்டேன்."

அவள் கயிற்றை விட்டுவிட்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள்.

"நான் ஏன் லைட்டுக்குக் கீழ வெச்சேன்னு நெனச்சீங்க? உங்க மனசு நோகக் கூடாதுன்னா?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். தலையாட்டினார்.

"இல்லைங்க. நீங்க இதைப் பாத்தா கிளம்ப மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அஞ்சு நாள், அஞ்சே நாள் உங்களை ஏமாத்திட்டா போதும், வண்டியில ஏத்திடலாம்னு பாத்தேன். இத்தனை நாளா அந்த முதலாளி மேலதான் கோவமா இருந்தேன். கேட்டு மேல, அந்தக் காவலாளி மேலகூட. பாவம் அந்த மனுஷன்."

"மூணே பருவம்தான். அதுக்கப்புறம் சத்தியமா..."

"சத்தியம் எல்லாம் வேணாம். நான் நாளைக்குக் கிளம்புறேன். கடையைத் திறக்குறேன். நீங்க வர்றப்ப வாங்க."

அவள் பாதியில் விட்ட முடிச்சை எடுத்து, மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து இழுத்துக் கட்டினார்கள். பிறகு அவருடைய சட்டைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே வண்டி வந்துவிட்டது. காவலாளி வழக்கம்போல் பைகளைத் துழாவினார். டெய்சித் தொட்டியைப் பார்த்ததும் தயங்கினார்.

"செடி வெளியில போகக் கூடாதே அக்கா."

"இது முதலாளி குடுத்தது. சாயங்காலமானா மூடிக்கிட்டுத் தூங்குற சாதாரணப் பூதான். உங்க பண்ணைக்கு இது ஆகாது. என்கூட இருந்துட்டுப் போகட்டும்."

காவலாளி பிரஷ்ஷைப் பார்த்தார். பிரஷ் தலையாட்டினார். மெஷினை ஏற்றினார்கள், பெட்டிகளை ஏற்றினார்கள். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். புதுத் தெருவுக்குப் போகிற நாள் என்று கொஞ்சம் பவுடர் போட்டிருந்தாள். விரலால் தடவியது, ஒரு கன்னத்தில் திட்டாக நின்றது.

"என்னோட பிரஷ்ஷையாவது திருப்பிக் குடுங்களேன்" என்றாள்.

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பிரஷ்ஷை விரல் தொட்டது. பாதி உருவிவிட்டார். இன்றைக்குத்தான் முன்வரிசையில் ஒரு செடிக்கு ஓர வளையம் திறக்கிறது, பண்ணையில் கொடுக்கிற பிரஷ்ஷோ முரடு. கை அங்கேயே நின்றது. ஒரு நொடி இருக்கும், இரண்டு நொடி இருக்கும். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சும்மா கேட்டேங்க. வெச்சுக்கங்க" என்று சிரித்துவிட்டு, கண்ணாடியை ஏற்றினாள்.

வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியது. காவலாளி கேட்டைச் சாத்தினார். பிரஷ் அப்போதும் பையில் கையை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார். "வெயில் ஏறுதே, இன்னைக்கு உள்ள போகலையா அண்ணே?" என்று காவலாளி கேட்டார். போகணும் என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். முதல் கதவைச் சாத்திவிட்டு மேலங்கியை மாட்டிக்கொண்டு இரண்டாவது கதவைத் திறந்தார்.